ஸ்லைட்டில் இல்லாத நொக்கியா

நொக்கியா என்ற பெயரை நாங்கள் இரண்டு இடங்களில் கேட்டு வளர்ந்தோம். ஒன்று வீடு. மற்றது செமினார் ஹோல்.

வீட்டு நொக்கியாவைப் பற்றிப் பெரிதாகச் சொல்லத் தேவையில்லை, வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். எங்கட விடுதி அறையில் நாலு பேர். ஒருத்தி கிளிநொச்சி, ஒருத்தி மன்னார், ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி ஹட்டன். கதைக்கிற தமிழ் வேறு, சொதிக்குப் போடுகிற சாமான் வேறு, அழுகிற படம்கூட வேறு. ஆனால் சின்ன வயதில் வீட்டில் இருந்த முதல் போன் எது என்று கேட்டால் நாலு பேருக்கும் ஒரே பதில்தான். நொக்கியா. பட்டன் போன், தலையில் டோர்ச்.

கிளிநொச்சியில் மீள்குடியேறின புதிதில் வீட்டுக்குக் கரண்ட் வரவில்லை. சந்திக் கடையில் காசு குடுத்துத்தான் போனுக்குச் சாஜ் ஏத்தவேணும். ஒருக்கா ஏத்தினால் நாலைந்து நாள் தாங்கும். இரவில் வளவுக்குள் இறங்கப் பாம்புக்குப் பயம், குப்பி விளக்கு காற்றுக்கு நிற்காது, அப்ப அந்த டோர்ச்தான் துணை. ஹட்டனில் ஒரு லயத்துக்கே ஒரு போன். கொழும்பில் வேலை செய்த பிள்ளைகள் எல்லாரும் அந்த ஒரு நம்பருக்குத்தான் கோல் எடுப்பார்கள், போன்காரர் வீட்டுப் பிள்ளை ஓடிப்போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வரும். மன்னாரில் மிஸ்ட் கோலுக்குத் தனி மொழியே இருந்தது: ஒருதரம் அடித்தால் பஸ் ஏறியாச்சு, இரண்டுதரம் அடித்தால் வந்து சேர்ந்தாச்சு. ரீலோட் போட முப்பது ரூபா இல்லாத வீடுகளில் பிறந்த மொழி அது.

செமினார் நொக்கியா வேறு ஆள். கலைப்பீடத்தில் காலடி வைத்த நாளிலிருந்து 'வேலைச் சந்தைக்குத் தயாராகுதல்' என்ற மாதிரித் தலைப்புகளில் எத்தனை கருத்தரங்குகளில் இருந்திருப்போம் என்று எண்ணி வைக்கவில்லை. பேசுகிறவர் மாறுவார், ஸ்லைட் மாறாது. ஒரு பக்கம் நொக்கியா போன், மறுபக்கம் ஒரு கல்லறை. கதை இப்படிப் போகும்: கம்பனியை விற்கிற நாளன்று அதன் தலைவர் பத்திரிகையாளர் முன்னால் அழுதாராம். நாங்கள் ஒரு பிழையும் விடவில்லை, ஆனாலும் தோற்றுவிட்டோம் என்றாராம். அதைச் சொல்லிவிட்டுப் பேசுகிறவர் ஒரு நிமிடம் நிற்பார். பிறகு எங்களைப் பார்ப்பார். "மாறாதவன் அழிவான். இப்ப நீங்கள் ஆர்ட்ஸ் பிள்ளைகள்..." மிச்சத்தை நாங்களே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒருமுறை மன்னார்க்காரி கை உயர்த்தினாள். "சேர், அந்தக் கொம்பனியில வேலை செய்த ஆக்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, கடைசியில் கதைப்போம் என்றார். கடைசியில் தேத்தண்ணி வந்தது.

அந்தக் கேள்வி அறைக்குத் திரும்பிய பிறகும் அணையவில்லை. படிப்பு விடுமுறையில் நாங்கள் நாலு பேரும் நொக்கியாவின் கதையை முதலிலிருந்து வாசித்தோம். வாசித்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலாவது விஷயம், மாறத் தெரியாத கம்பனி என்ற பட்டம் நொக்கியாவுக்குக் கொஞ்சமும் பொருந்தாது. 1865 இல் பிரெட்ரிக் இடெஸ்தாம் என்ற பொறியியலாளர் பின்லாந்தின் தம்பெரே நகரில் ஒரு மரக்கூழ் ஆலையைத் தொடங்கினார். பிறகு இரண்டாவது ஆலை நொக்கியா என்ற ஊரில் வந்தது, கம்பனிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1967 இல் ஒரு ரப்பர் கம்பனியும் ஒரு கேபிள் கம்பனியும் அதோடு ஒன்றாகின. காகிதம், மழைக்காலச் சப்பாத்து, டயர், கேபிள், டிவி, கணினி என்று அவர்கள் செய்யாத சாமான் குறைவு. சோவியத் யூனியன் உடைந்து, பின்லாந்தின் பொருளாதாரமும் விழுந்து கிடந்த நேரத்தில், 1992 இல் தலைமைக்கு வந்த யோர்மா ஒல்லிலா மற்ற எல்லாவற்றையும் கழித்துவிட்டுத் தொலைத்தொடர்பில் மட்டும் பணத்தைப் போட்டார். அதற்கு முதல் வருடம், 1991 யூலை 1 இல், ஜிஎஸ்எம் வலையமைப்பில் உலகின் முதல் அழைப்பை எடுத்தவர் பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹரி ஹொல்கெரி. அந்த வலையமைப்பின் கருவிகள் நொக்கியா செய்தவை. 1998 இல் மோட்டரோலாவைத் தாண்டி உலகில் அதிகம் கைத்தொலைபேசி விற்கும் கம்பனி ஆனார்கள்.

இரண்டாவது விஷயம், ஸ்மார்ட்போன் வந்தபோது நொக்கியா தூங்கவில்லை. ஸ்மார்ட்போன் வர முதலே அது அங்கே இருந்தது. 1996 இல் 9000 கொம்யூனிகேட்டர் வந்தது. பார்க்க ஒரு கனத்த பென்சில் பெட்டி மாதிரி, எடை கிட்டத்தட்ட 400 கிராம். திறந்தால் உள்ளே முழுக் கீபோர்ட். மின்னஞ்சல், பக்ஸ், இணையம் எல்லாம் அதில். 1998 இல் எரிக்சன், மோட்டரோலா, சையன் கம்பனிகளோடு சேர்ந்து சிம்பியன் என்ற இயங்குதளத்தை உருவாக்கினார்கள். 2002 இல் கமராவோடு 7650. 2005 இல் லினக்ஸில் ஓடும், தொட்டு இயக்கும் 770 என்ற இணையப் பலகை. 2007 இல் என்95: 5 மெகாபிக்சல் கமரா, ஜிபிஎஸ், 3ஜி. அதே வருடம் வந்த முதல் ஐபோனில் 3ஜி இல்லை, ஜிபிஎஸ் இல்லை, கமரா 2 மெகாபிக்சல், ஒரு இடத்தில் எழுதியதைப் பிரதி எடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டக்கூட வழி இல்லை. 2007 முடிகிறபோது உலகில் விற்ற பத்துப் போனில் நாலு நொக்கியா.

மட்டக்களப்புக்காரியின் மாமா வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு என்95 கொண்டுவந்தார். மேலே தள்ளினால் நம்பர் பட்டன், கீழே தள்ளினால் பாட்டுப் பட்டன். திருவிழாவுக்குப் போன சனம் சாமியைப் பார்த்ததை விட அந்தப் போனைப் பார்த்ததுதான் அதிகம் என்று அவள் இப்பவும் சொல்லுவாள்.

அப்படியிருக்க எங்கே சறுக்கியது? மென்பொருளில். சிம்பியனின் வேர் சையன் கம்பனியின் கையடக்கக் கணினிகளுக்கு எழுதிய ஈபொக் என்ற பழைய இயங்குதளத்தில் இருந்தது. குறைந்த மெமரி, மெதுவான புரொசெஸர், பட்டன்கள் என்ற உலகத்துக்காக மிகக் கெட்டித்தனமாக எழுதப்பட்டது. பற்றரி நாட்கணக்கில் நின்றதற்கு அந்தச் சிக்கனமும் ஒரு காரணம். ஆனால் விரலால் தொடுகிற பெரிய திரை, எந்த நேரமும் இணையம், வெளியாட்கள் எழுதுகிற ஆயிரக்கணக்கான அப்ஸ் என்று உலகம் மாறினபோது அதே சிக்கனம் விலங்காகிப்போனது. சிம்பியனில் ஒரு அப் எழுதுவது பெரும் பாடு. அதோடு நொக்கியாவிலிருந்து வருடத்துக்குப் பல மொடல்கள் வந்தன, ஒரு போனில் ஓடுகிற அப் அடுத்த போனில் ஓடும் என்று நம்ப முடியாது.

தமிழ் வாசித்த ஆக்களுக்கு இந்தப் பிரச்சினை நன்றாகத் தெரியும். சிம்பியன் போனில் தமிழ் இணையத்தளம் ஒன்றைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எங்கட அண்ணாமார் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒபரா மினியை இறக்கி, அதன் உள்ளே ஒளிந்திருக்கும் அமைப்புகளுக்குப் போய், சிக்கலான எழுத்துக்களைப் படமாகக் காட்டு என்கிற தெரிவைப் போட்டு, அப்படித்தான் தமிழ்ச் செய்தி வாசித்தார்கள். ஒபரா நோர்வேக் கம்பனி. போன் செய்த கம்பனி செய்து தராததை வெளியாள் ஒருத்தர் எழுதின மென்பொருள் செய்து தந்தது. வரப்போகிற காலம் முழுக்க இப்படித்தான் இருக்கப்போகிறது என்பதற்கு அது ஒரு சின்ன முன்னோட்டம். அப்பிளின் அப் ஸ்டோர் 2008 யூலையில் திறந்தது, அன்ட்ரொய்ட் மார்க்கெட் அதே வருடம் ஒக்டோபரில். நொக்கியாவின் ஓவி ஸ்டோர் வந்தது 2009 மே மாதம். பின்னிஷ் மொழியில் ஓவி என்றால் கதவு.

2010 செப்டெம்பரில் மைக்ரோசொப்டிலிருந்து ஸ்டீபன் ஈலொப் என்ற கனடியர் தலைமைக்கு வந்தார். பின்லாந்துக்காரர் அல்லாத ஒருவர் அந்தக் கதிரையில் இருந்தது அதுதான் முதல்தரம். 2011 பெப்ரவரியில் அவர் ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பு வெளியே கசிந்து உலகப் பிரசித்தமானது. கடலில் எரிகிற எண்ணெய் மேடையில் நிற்கிற மனிதன், தீயா, உறையும் தண்ணீரா என்று முடிவெடுக்க வேண்டிய கதை. அதில் அப்பிள் எங்கே முந்தியது, அன்ட்ரொய்ட் எப்படி வளர்ந்தது, நாங்கள் எங்கே பின்தங்கினோம், எங்கட தீயில் நாங்களே எப்படி எண்ணெய் ஊற்றினோம் என்று வரிசையாக ஒத்துக்கொண்டிருந்தார். சில நாட்களில், பெப்ரவரி 11 அன்று, இனி எங்கட ஸ்மார்ட்போன் மைக்ரோசொப்டின் விண்டோஸ் போனில்தான் ஓடும் என்ற அறிவிப்பு வந்தது.

பிரச்சினை என்னவென்றால் அன்றைக்குக் கையில் ஒரு விண்டோஸ் போனும் இல்லை. முதல் லூமியா போன்கள் கடைக்கு வர அந்த வருடத்தின் கடைசி ஆகிவிட்டது. நடுவில் இருந்த மாதங்களில் கடையில் கிடந்ததெல்லாம் கம்பனியே காலம் முடிந்தது என்று சொல்லிவிட்ட சிம்பியன் போன்கள். அதை யார் காசு குடுத்து வாங்குவார்? அந்த இடைவெளிக்குள் என்9 என்ற போனும் வந்தது. முன்பக்கம் ஒரு பட்டன்கூட இல்லாமல், திரையின் ஓரத்திலிருந்து விரலை இழுத்து இயக்குகிற போன். இன்றைக்கு எங்கட கையில் இருக்கிற போன்களில் நாங்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதைத்தான். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் அது ஓடிய மீகோ இயங்குதளத்தைக் கைவிடுவதென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பிறக்க முதலே துடக்கு.

2013 செப்டெம்பர் 3 அன்று போன் பகுதியை மைக்ரோசொப்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள். காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமையும் சேர்த்து 544 கோடி யூரோ. 2014 ஏப்ரல் 25 இல் கைமாறியது. மைக்ரோசொப்டாலும் அதை நிமிர்த்த முடியவில்லை. 2015 யூலையில் 760 கோடி டொலரை நட்டக் கணக்கில் எழுதினார்கள்.

இப்ப அந்த ஸ்லைட்டுக்கு வருவோம். விற்பனை நாளன்று தலைவர் அழுது, பிழையே விடவில்லை என்று சொன்ன கதை எங்களுக்கு நம்பும்படியாக இல்லை. விட்ட பிழைகளை இரண்டு வருடத்துக்கு முதலே கைப்பட எழுதி அனுப்பிய மனிதர் அவர். விற்பனையோடு அவரும் மைக்ரோசொப்டுக்கே திரும்பிப் போனார். போகும்போது அவருக்குக் கிடைக்க இருந்த தொகை சுமார் 1 கோடியே 88 இலட்சம் யூரோ என்று வெளியானபோது பின்லாந்தில் பெரிய சர்ச்சையே நடந்தது. அழுகிற ஆளுக்குப் பொருந்துகிற கதை இல்லை இது.

கல்லறையும் பொய். நொக்கியா சாகவில்லை. இன்றைக்கும் அது தொலைத்தொடர்பு வலையமைப்புக் கருவிகள் செய்கிற பெரிய கம்பனி, 2016 இல் அல்கடெல்-லூசென்ட்டையே வாங்கியது. காகிதத்திலிருந்து ரப்பருக்கு, ரப்பரிலிருந்து போனுக்கு, போனிலிருந்து கோபுரத்துக்கு. மாறுவதில் அவர்களுக்கு நாங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அப்ப போனில் ஏன் தோற்றார்கள்? நாங்கள் வாசித்ததில் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமோ வுவொரியும், இன்சியட் வணிகக் கல்லூரியைச் சேர்ந்த கீ ஹுய்யும் நொக்கியாவின் மேலாளர்கள், பொறியியலாளர்கள் உட்பட 76 பேரைப் பேட்டி கண்டு எழுதியது. அவர்கள் கண்ட விடை தொழில்நுட்பம் இல்லை. பயம். மேலே இருந்தவர்களுக்கு வெளியே இருந்த போட்டிக் கம்பனிகளிலும் பங்குதாரர்களிலும் பயம். அதனால் கீழே இருந்தவர்களை நெருக்கினார்கள், ஆனால் நிலைமை எவ்வளவு மோசம் என்பதை முழுதாகச் சொல்லவில்லை. நடுவில் இருந்தவர்களுக்கோ வெளிப் போட்டியில் அவ்வளவு பயமில்லை, மேலதிகாரியில்தான் பயம். இந்த மென்பொருள் நேரத்துக்கு முடியாது, இது ஐபோனுக்கு ஈடாகாது என்று தெரிந்தவர்கள் அதைச் சொன்னால் பதவி போகும், இயலாதவன் என்ற பெயர் வரும் என்று வாய் திறக்கவில்லை. முடியும் என்ற நல்ல செய்தி மட்டும் மாடி ஏறியது. மேலே இருந்தவர்கள் அந்த நல்ல செய்தியை நம்பித் திட்டம் போட்டார்கள்.

அதை வாசித்துவிட்டு நாலு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. இந்தக் கட்டடத்தை எங்களுக்குத் தெரியும். நாங்கள் அதுக்குள்தான் படிக்கிறோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குப் பிடிக்காத பதிலைப் பரீட்சைத் தாளில் எழுதலாமா என்று கணக்குப் பார்க்கிறோம். பாடத்திட்டம் பழையது என்று எல்லாருக்கும் தெரியும், பின்னூட்டப் படிவத்தில் எல்லாரும் 'மிக நன்று' என்றுதான் கோடு போடுகிறோம். ஏனென்றால் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அக்காமார் சொல்லித் தந்திருக்கிறார்கள். வேலைக்குப் போன அக்காமாரும் அலுவலகத்தில் இதைத்தான் செய்வதாகச் சொல்கிறார்கள். எங்களுக்குத் திறமை போதாது என்று ஹோலுக்குள் சொல்லுகிறவர்கள், தெரிந்ததைப் பயமில்லாமல் சொல்ல எங்கே இடம் இருக்கிறது என்று ஒருநாளும் கேட்பதில்லை. நொக்கியாவின் கதையில் உண்மையான பாடம் ஒன்று இருக்கிறதென்றால் அது இந்தக் கேள்விதான். அதுதான் ஸ்லைட்டில் இல்லை.

இன்னொன்றும் ஸ்லைட்டில் இல்லை. மன்னார்க்காரி கேட்ட கேள்வியின் பதில்.

ஹட்டன்காரி வீட்டில் ஒரு பழைய 1280 இன்னும் கிடக்கிறது. விடுமுறைக்குப் போனபோது அதன் பற்றரியைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினாள். 'மேட் இன் இந்தியா'. இந்தியாவில் நொக்கியாவுக்கு இருந்த போன் தொழிற்சாலை ஒன்றேயொன்றுதான். சென்னையிலிருந்து பெங்களூர் போகிற வீதியில், ஸ்ரீபெரும்புதூரில். ஒரே மொழி பேசுகிற எங்கட வயதுப் பிள்ளைகள் பூட்டின போன் எங்கட வீட்டுக்குக் கடல் தாண்டி வந்திருக்கிறது. அது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

2006 இல் அந்தத் தொழிற்சாலை வேலை தொடங்கியது. உச்சத்தில் நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர். பெரும்பாலானோர் இளவயதினர், பெண்கள் அதிகம். சுற்றுவட்டார மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து கம்பனி பஸ்ஸில் ஷிப்டுக்கு வந்து போனவர்கள். பல வீடுகளில் அதுதான் மாதம் தவறாமல் வந்த முதல் சம்பளம். எல்லாம் இனிப்பாக இருக்கவில்லை. 2009 இலும் 2010 இலும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2010 ஒக்டோபர் இறுதியில் ஓர் இளம் பெண் தொழிலாளி இயந்திரத்துக்குள் சிக்கி உயிரிழந்தார். இருந்தும் அவர்கள் செய்த போன்கள் பல நாடுகளுக்குப் போயின.

அந்தத் தொழிற்சாலை விழுந்ததற்குக் காரணம் சிம்பியன் மட்டும் இல்லை. 2013 இல் இந்திய வருமான வரித் துறை, மென்பொருளுக்காகத் தாய்க் கம்பனிக்கு அனுப்பிய பணத்தின் மீது 2,000 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் வரி கேட்டது. தமிழ்நாட்டு அரசும் விற்பனை வரி என்று இன்னொரு பெரிய தொகையைக் கேட்டது. வழக்கு நீதிமன்றங்களில் இழுபட, சொத்து முடக்கப்பட்டது. அதனால் 2014 ஏப்ரலில் மற்றதெல்லாம் மைக்ரோசொப்டுக்குக் கைமாறியபோது ஸ்ரீபெரும்புதூர் மட்டும் நொக்கியாவிடமே நின்றது. சொந்தமாக விற்கப் போன் இல்லாத கம்பனியின் கையில் ஒரு போன் தொழிற்சாலை. சில மாதம் மைக்ரோசொப்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் போன் செய்து கொடுத்தார்கள். மைக்ரோசொப்ட் ஒப்பந்தத்தை நிறுத்தியது. 2014 நவம்பர் 1 இல் கதவை மூடினார்கள்.

அதற்கு முதலே தொழிலாளர்களில் பெரும்பாலானோர் 'விருப்ப ஓய்வு' எடுத்திருந்தார்கள். அந்தச் சொல்லில் நாங்கள் நீண்ட நேரம் நின்றோம். எங்கட ஊரில் ஓய்வு என்றால் தலை நரைத்த தபால் அதிபருக்குப் பொன்னாடை போர்த்துவது. இங்கே ஓய்வு எடுத்தவர்கள் இருபதுகளில் இருந்த பெண்கள். விருப்பம் யாருடையது என்று அந்தத் திட்டத்தின் பெயர் சொல்லாது. கடைசி நாள் வரைக்கும் வேலையை விடாமல் நின்றவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. அவர்களுக்குச் சாமான் கொடுத்துக்கொண்டிருந்த பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் வேலை போனது. கைச்செலவுக்குத் தேநீர்க் கடை, வாடகை அறை, வான் என்று நொக்கியாவை நம்பி வாழ்ந்த ஆட்களை எந்தப் பட்டியலும் எண்ணவில்லை.

இது ஸ்ரீபெரும்புதூருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2008 இல் ஜேர்மனியின் பொகும் நகரத் தொழிற்சாலையை மூடி, மலிவான கூலிக்கு ருமேனியாவின் குளுஜுக்குப் போனார்கள். 2011 இல் குளுஜையும் மூடினார்கள். 2012 இல் சொந்த நாட்டிலேயே சலோ நகரத் தொழிற்சாலையை மூடினார்கள். இந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்த ஒருவர்கூடத் தொடுதிரை வேண்டாம் என்று முடிவெடுக்கவில்லை. விண்டோஸ் வேண்டும் என்று கையெழுத்துப் போடவில்லை. பயத்தில் மேலே பொய் அறிக்கை அனுப்பவுமில்லை. முடிவு எடுத்தவர்கள் வேறு ஆட்கள், அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். முதல் பகுதியினரில் சிலருக்குக் கோடிக் கணக்கில் கிடைத்தது. இரண்டாம் பகுதியினருக்கு ஒரு தொகையும் ஒரு கடிதமும்.

'மாறு, இல்லாட்டி அழிவாய்' என்ற வசனம் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதுதான் எங்களுக்கு இதில் முக்கியம். நாங்கள் மாற்றத்துக்கு எதிரிகள் இல்லை. எங்களில் இரண்டு பேர் பின்னேரத்தில் கணினி வகுப்புக்குப் போகிறோம், ஒருத்தி ஆங்கில டிப்ளோமா செய்கிறாள், ஒருத்தி சிங்களம் படிக்கிறாள். படிப்போம், அது எங்கட தேவை. ஆனால் ஒரு பட்டதாரிக்கு வேலை கிடைக்காததற்கு அவள் தன்னை 'அப்டேட்' செய்யாததுதான் காரணம் என்று சொல்லும்போது, ஸ்ரீபெரும்புதூர்ப் பிள்ளையிடம் நீ ஏன் அன்ட்ரொய்ட்டுக்கு மாறவில்லை என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. அவள் கையில் இருந்தது ஸ்குரூ டிரைவர், கம்பனியின் தலைவிதி இல்லை. எத்தனை பட்டதாரிகளை என்ன வேலைக்கு எடுப்பது, பாடத்திட்டத்தை எப்போது மாற்றுவது, எந்தத் தொழிற்சாலையை எந்த ஊரில் திறப்பது என்கிற எதுவும் எங்கட கையில் இல்லை. கல்லறைப் படத்தை மட்டும் எங்களுக்குக் காட்டுகிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர்க் கட்டடம் சில வருடங்கள் பூட்டிக் கிடந்தது. பிறகு சல்கொம்ப் என்ற கம்பனி அதை எடுத்தது. போன் சாஜர் செய்கிற கம்பனி, அதன் வேரும் பின்லாந்தில்தான். 2020 இலிருந்து அங்கே சாஜர் தயாராகிறது. சல்கொம்ப்பின் வாடிக்கையாளர்களில் அப்பிளும் ஒன்று. நொக்கியாவை முந்தியவர்களுக்கான வேலை நொக்கியாவின் கூரைக்குக் கீழேயே நடக்கிறது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. 2014 இல் விருப்ப ஓய்வு எடுத்தவர்களுக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும்.

ஹட்டன்காரியின் அக்கா கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் ஒரு கார்மென்ட்டில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாள். ஓடர் குறைந்தால் ஓவர்டைம் குறையும், ஓவர்டைம் குறைந்தால் வீட்டுக்கு வருகிற காசு குறையும், ஏன் குறைந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். இறுதி வருட ஆய்வுக்கு என்ன தலைப்பு என்று துறையில் கேட்டபோது, வலயத்திலிருந்து வேலை இழந்து ஊர் திரும்பிய பெண்களைப் பற்றி எழுதப்போவதாக இவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இதில் என்ன புதுசு இருக்கு என்று கேட்டார்களாம்.

"கம்பெனிக்கு என்னா ஆச்சுன்னு எல்லாரும் எழுதிட்டாங்க மிஸ், ஆளுங்களுக்கு என்னா ஆச்சுன்னு யாரும் எழுதல" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். தலைப்பு இன்னும் அனுமதிக்கப்படவில்லை. முதல் மூன்று நேர்காணல்களை அவள் செய்து முடித்துவிட்டாள்.